காமராஜர்: தெரிந்தவரா, துணிந்தவரா?

சென்ற சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தை யாருக்குக் கொடுப்பது என்று ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு, ஒரு முடிவும் எடுக்காமல் எழுந்து வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு கீழே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபோது பேச்சு எப்படியோ நாட்டுத் தலைவர்கள் பக்கம் போய்விட்டது. ஒரு தலைவருக்கு எல்லா விவரமும் விரல் நுனியில் இருக்க வேண்டும், புள்ளிவிவரம் தெரியாதவர் அதிகாரிகளின் கைப்பொம்மையாகிவிடுவார் என்றார் ஒரு நண்பர். விவரம் சொல்ல ஆயிரம் அதிகாரிகள் இருக்கிறார்கள், சட்டென்று முடிவெடுக்கத் தெரிந்தவர்தான் தலைவர் என்றார் இன்னொருவர். இருவருமே என்னைவிட மூத்தவர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு காமராஜர் ஞாபகம் வந்தது. ஜூலை 15 அவர் பிறந்த நாள். பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்த இதழுக்கு அவரைப் பற்றியே எழுதிவிடலாம் என்று தோன்றியது.

1903-ல் விருதுநகரில் பிறந்தார். அப்போது ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார், தாய் சிவகாமி அம்மாள், ஒரே தங்கை நாகம்மாள். ஆறு வயது வாக்கில் தந்தை போய்விட்டார். ஆறாம் வகுப்போடு படிப்பும் நின்றது. மாமா கருப்பையா நாடாரின் துணிக்கடையில் உட்கார வைத்தார்கள். ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்த காலம் அது. பையனுக்குக் கடையில் மனம் ஒட்டவில்லை. திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே போனவர் வைக்கம் போராட்டத்தில் போய் நின்றார். அதோடு வீட்டார் கைகழுவிவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தின்போது முதல் சிறை. அதிலிருந்து 1945 வரை மொத்தம் ஒன்பது ஆண்டுகளை ஒட்டிச் சிறையில் கழித்திருக்கிறார். ஆங்கிலம் படிக்கப் பழகியது அங்கேதான். அவருக்கு ஆங்கிலமே தெரியாது என்று இன்றும் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆங்கிலப் பத்திரிகைகளை அவர் தினமும் படித்தவர். மேடையில் பேசத் தயங்கினார், அவ்வளவுதான்.

1940-ல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் தேர்தல். ராஜாஜி பக்கம் நின்றவர் நம் கோவை சி.பி.சுப்பையா. எதிரே சத்தியமூர்த்தியின் சீடரான காமராஜர். மிகக் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் காமராஜர் ஜெயித்தார். அடுத்த 14 ஆண்டுகள் அந்தப் பதவி அவர் கையை விட்டுப் போகவில்லை. அவருடைய உண்மையான கல்லூரி அதுதான் என்று நினைக்கிறேன். மாவட்டம் மாவட்டமாக, தாலுகா தாலுகாவாகச் சுற்றினார். எந்த ஊரில் யார் சொன்னால் எடுபடும், எந்த ஏரி உடைந்து கிடக்கிறது, எந்த ஊருக்குப் பஸ் போகாது என்பதெல்லாம் இந்தப் பயணங்களில் தெரிந்துகொண்டதுதான்.

அவர் எப்படி முடிவெடுப்பார் என்பதற்கு அந்தக் காலத்துச் சம்பவங்கள் இரண்டு. 1941-ல் அவர் வேலூர்ச் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். விடுதலையாகி வந்து பொறுப்பேற்றார், உடனே ராஜினாமா செய்துவிட்டார். முழு நேரம் கொடுக்க முடியாத பதவியில் உட்கார்ந்திருப்பது சரியல்ல என்பது அவர் கணக்கு. அடுத்தது 1942. பம்பாயில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய கையோடு தலைவர்களைக் கைது செய்துவிட்டார்கள். சென்னை ரயில் நிலையத்தில் போலீஸ் காத்திருக்கும் என்று ஊகித்த காமராஜர் அரக்கோணத்திலேயே இறங்கி, தலைமறைவாக மாவட்டங்களைச் சுற்றி, செய்ய வேண்டியதையெல்லாம் தொண்டர்களிடம் சொல்லி முடித்தார். பிறகு விருதுநகர் வீட்டுக்குப் போய் வேலை முடிந்துவிட்டது என்று போலீசுக்குத் தகவல் கொடுத்துக் கைதானார். மூன்று ஆண்டுகள் உள்ளே.

இனி 1954-க்கு வருகிறேன். சொல்ல வந்த விஷயம் அங்கேதான் இருக்கிறது.

அப்போது முதல்வர் ராஜாஜி. படிப்பு, சட்டம், நிர்வாகம், ஆங்கிலம், எதிலும் அவருக்கு இணை சொல்ல முடியாது. முடிவெடுக்கத் தயங்குபவரும் அல்ல. 1952-ல் பதவிக்கு வந்த சில வாரங்களில், அதிகாரிகளின் அச்சத்தையும் மீறி உணவுக் கட்டுப்பாட்டை ஒரே அடியாக நீக்கினார். அது பலித்தது. அடுத்த ஆண்டு, கிராமத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டு வந்தார். கட்சியிலும் சட்டசபையிலும் முன்கூட்டிப் பேசாமல் கொண்டு வந்தார். குலக்கல்வி என்று பெயர் விழுந்து, ஊரெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, பதவி விலகும் நிலை வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகளுக்கு இடம் பண்ண அதுவே சிக்கனமான வழி என்று காகிதத்தில் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். கூலிக்காரர் மகன் அந்தப் பாதி நேரத்தில் எதைக் கற்றுக்கொள்வான் என்பது அந்தக் கணக்கில் இல்லை. ஆக, விவரமும் துணிவும் இரண்டுமே இருந்தும் ஒருவர் சறுக்கலாம். நம் பெஞ்சு விவாதத்தில் இந்த வரவு செலவு விட்டுப்போய்விட்டது.

சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர், வழக்கறிஞர். அவர் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். பெரிய வித்தியாசத்தில் காமராஜர் ஜெயித்தார். ஏப்ரல் 13-ல் முதல்வரானார். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? எதிர்த்தவரைப் பின்வரிசையில் உட்கார வைத்திருப்போம். அவர் இருவரையும் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்துக்கு. மந்திரிகள் தன்னையும் சேர்த்து எட்டே பேர். இந்து அறநிலையத்துறையை ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பரமேஸ்வரனிடம் கொடுத்தார். கோயிலுக்குள் விடப்படாதிருந்த சமூகத்தவர் கோயில்களுக்கே பொறுப்பு மந்திரி. இதை முடிவெடுக்க எந்தப் புள்ளிவிவரமும் வேண்டியதில்லை.

நம் ஊர் ஆள் என்பதற்காகச் சொல்லவில்லை, சுப்பிரமணியத்தைச் சேர்த்துக்கொண்டதுதான் காமராஜர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது என்பேன். குருநாதசாமி கோயில் ஆடித் தேர்த்திருவிழாக் குதிரைச் சந்தையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். குதிரை வாங்க வருகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்காது. பல் பார்த்து வயது சொல்கிற, சுழி பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூடவே அழைத்து வருவார். அந்த ஆள் நம்பகமானவரா, விற்கிறவரிடம் கமிஷன் வாங்குகிறவரா என்பது மட்டும் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காமராஜருக்கு அது தெரிந்திருந்தது. பட்ஜெட்டை வரிவரியாகப் படிக்க சுப்பிரமணியம், பள்ளிக்கல்விக்கு இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு, 1957-க்குப் பிறகு தொழில்துறைக்கு ஆர்.வெங்கட்ராமன்.

வந்தவுடன் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஊர் ஊராகப் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-ல் மதிய உணவுத் திட்டம் ஆரம்பித்தபோது காசுக்கு எங்கே போவது என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது. முதலில் ஊர்க்காரர்களிடம் அரிசியும் பருப்பும் வாங்கி நடத்தினார்கள், பிறகு அரசு பெரும்பங்கை ஏற்றுக்கொண்டது. 1960-ல் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப்பள்ளி வரை கட்டணம் இல்லை என்றார்கள், சில ஆண்டுகளில் எல்லோருக்கும் இல்லை என்றானது. ஒரேயடியாக அறிவித்துவிட்டு அப்புறம் பணம் தேடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செய்தே தீருவது என்று முடிவு செய்தவர் முதல்வர். எந்த ஆண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் போட்டவர் நிதி மந்திரி. வவுச்சரும் லெட்ஜரும் பார்த்தே காலம் கழித்த எனக்கு இந்த இரண்டாவது ஆளின் மேல் எப்போதுமே ஒரு தனி மரியாதை.

அணைகளைப் பற்றி ஒரு திருத்தம். நம் பக்கத்தில் எல்லா அணையையும் காமராஜர் கட்டினார் என்று சொல்லிவிடுவார்கள். கீழ்பவானித் திட்டம் அவருக்கு முன்பே 1948-ல் தொடங்கியது, பவானிசாகர் அணை 1955-ல் முடிந்தது. தொடங்கியவர் வேறு, முடித்தவர் வேறு. அந்த வாய்க்கால் நமக்குத் தெற்கே பெருந்துறை, காங்கயம் பக்கம் வரை 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் கொடுக்கிறது. அமராவதி, சாத்தனூர், கிருஷ்ணகிரி, மணிமுத்தாறு, வைகை எல்லாம் அவர் காலத்தில் நிறைவேறியவை. பரம்பிக்குளம் ஆழியாறு வேலைகளை 1961-ல் நேரு வந்து தொடங்கி வைத்தார். கேரளத்தோடு தண்ணீர்ப் பங்கீடு, மலைக்குள் சுரங்கம், நதிக்கு நதி இணைப்பு என்று அத்தனை சிக்கலான திட்டம். அதை வரைபடத்தோடு புரிந்துகொண்டு வாதாடியவர் சுப்பிரமணியம், பின்னால் நின்றவர் காமராஜர்.

திருவெறும்பூர் பெல் தொழிற்சாலைக் கதையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். செக்கோஸ்லோவாக்கியா நிபுணர்கள் வந்து சுற்றிப் பார்த்து, சரியான இடம் இல்லை என்று கிளம்பத் தயாரானார்களாம். அவர்களுக்கு வேண்டியது பரந்த மேட்டு நிலம், நல்ல தண்ணீர், மின்சாரம், ரயில் வசதி. இதைக் கேட்ட காமராஜர், திருவெறும்பூரைக் காட்டினீர்களா என்று அதிகாரிகளிடம் கேட்க, அதன் பிறகே அந்த இடம் அமைந்தது என்று சொல்வார்கள். வாய்வழியாக வந்த கதை, சொல்லச் சொல்லக் கொஞ்சம் வளர்ந்திருக்கலாம். ஆனால் அந்தக் கதையில் வரும் மனிதர் விவரம் தெரியாதவர் அல்ல. பாய்லர் எப்படிச் செய்வது என்று தெரியாது, பூமி தெரியும். படிக்காதவர் எப்படி ஆண்டார் என்று வியக்கிறவர்கள் இந்த அறிவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் வங்கியில் நான் பார்த்த இரண்டு மேலாளர்களை இங்கே சொல்லலாம். ஒருவருக்கு எல்லாச் சுற்றறிக்கையும் மனப்பாடம். பம்புசெட் கடன் கேட்டு வந்த விவசாயியை ஒவ்வொரு தரமும் இன்னொரு சான்றிதழுக்காகத் திருப்பி அனுப்புவார். கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது கடன் வராது, வரும்போது கோடை வந்துவிடும். இன்னொருவர் ஆளைப் பார்த்ததும் கையெழுத்துப் போடுவார். அவர் மாற்றலாகிப் போன பிறகு வாராக்கடன் பட்டியலை எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது. இருவரில் யாரால் அதிக நஷ்டம் என்று கேட்டால், இரண்டாமவரின் நஷ்டம் லெட்ஜரில் தெரிந்தது, முதலாமவரின் நஷ்டம் விவசாயி வீட்டில் இருந்தது.

1963 அக்டோபர் 2. காமராஜர் தானாகவே முதல்வர் பதவியை விட்டு இறங்கினார். மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் சொன்ன யோசனையை நேரு ஏற்றுக்கொண்டார். ஆறு முதல்வர்களும் ஆறு மத்திய மந்திரிகளும் விலகினார்கள். அதே மாதம் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகக் காமராஜர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1964 மே 27-ல் நேரு இறந்தார்.

அடுத்தது யார் என்று உலகமே கேட்டுக்கொண்டிருந்த நேரம். மொரார்ஜி தேசாய் நிதித்துறையை நடத்தியவர், விவரத்திலும் உறுதியிலும் குறை சொல்ல முடியாதவர். காமராஜர் எம்.பி.க்களையும் முதல்வர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார், பெரும்பாலும் காது கொடுத்துக் கேட்டார். ஜூன் 2-ல் லால்பகதூர் சாஸ்திரி ஒருமனதாகத் தேர்வானார். நேருவுக்குப் பிறகு நாடு உடைந்துவிடும் என்று வெளிநாட்டில் எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு வாரத்தில் பதில் கிடைத்துவிட்டது.

சாஸ்திரி உணவு, விவசாயத் துறையை சி.சுப்பிரமணியத்திடம் கொடுத்தார். தேறாத துறை என்று பெயர் வாங்கியது அது. எம்.எஸ்.சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து, மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமை பற்றி அக்கு வேறு ஆணி வேறாகத் தெரிந்துகொண்டு, நிதித்துறையும் திட்டக்குழுவும் தயங்கியபோது விடாமல் வாதாடி, 1966-ல் 18,000 டன் விதையை இறக்குமதி செய்தார் சுப்பிரமணியம். அந்த ஆண்டு நாடு சுமார் 1 கோடி டன் தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்கித் தின்றது. 1964-65-ல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1967-68-ல் 1.65 கோடி டன்னைத் தொட்டது. இங்கே விவரம் தெரிந்தவரே துணிந்தவராகவும் இருந்தார். அப்படி ஒருவரில் இரண்டும் அமைவது அபூர்வம்.

1966 ஜனவரி 11-ல் தாஷ்கண்டில் சாஸ்திரி இறந்தார். இம்முறை காமராஜரையே பிரதமராகச் சொன்னார்கள். மறுத்துவிட்டார். இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேச வராத ஒருவர் இந்த நாட்டுக்குப் பிரதமராக இருக்க முடியாது என்பது அவர் எண்ணம். தன் அளவு தனக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அடுத்து எடுத்த முடிவில்தான் அவருக்குச் சறுக்கியது என்று நினைக்கிறேன். மொரார்ஜி வரக்கூடாது என்பதில் குறியாக இருந்து இந்திரா காந்தியைக் கொண்டு வந்தார். 355-க்கு 169 என்று இந்திரா வென்றார். சொன்னால் கேட்டுக்கொள்வார் என்று மூத்தவர்கள் போட்ட கணக்கு அது. மனிதர்களை எடைபோடுவதில் தேர்ந்தவர் என்று இவ்வளவு நேரம் எழுதினேன். பெரிய சந்தையில் அவரும் ஒருமுறை பல் பார்க்கத் தவறிவிட்டார்.

ஐந்தே மாதத்தில் தெரிந்துவிட்டது. 1966 ஜூன் 6-ல் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4 ரூபாய் 76 பைசாவிலிருந்து 7 ரூபாய் 50 பைசா ஆனது. கட்சித் தலைவரான காமராஜரை முன்னதாகக் கலந்து பேசவில்லை. அவர் கொதித்துப் போனார். அந்த முடிவை ஆதரித்த மந்திரிகளில் நம் சுப்பிரமணியமும் ஒருவர் என்பது விசித்திரம். பொருளாதாரம் படித்தவர்கள் சரி என்றார்கள், வறட்சியும் விலைவாசியும் பார்த்த காமராஜர் தவறு என்றார். இன்றும் பேராசிரியர்கள் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. பி.காம். படித்த நான் எந்தப் பக்கம் என்று சொன்னால் பெஞ்சில் இன்னொரு சண்டை வரும்.

தமிழ்நாட்டிலும் காலம் மாறிவிட்டிருந்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடும் உயிர்ச்சேதமும் நடந்தபோது, சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் மத்திய மந்திரி பதவியை ராஜினாமா செய்தார்கள். ஊர் ஊராகத் தெரிந்தவர் என்று பேர் வாங்கிய காமராஜர் மாணவர்களின் கோபத்தின் ஆழத்தை அளக்கவில்லை. டெல்லியில் இருந்து பார்த்தால் விருதுநகர் கூடத் தூரம்தான். 1967 தேர்தலில் சொந்த ஊரிலேயே, பெ.சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 வாக்கில் தோற்றார்.

1969 ஜனவரியில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் ஜெயித்து மறுபடி டெல்லி போனார். ஜூலையில் பெங்களூரு மாநாட்டில் குடியரசுத் தலைவர் வேட்பாளராகச் சஞ்சீவ ரெட்டியை மூத்தவர்கள் முடிவு செய்ய, காமராஜரும் அதற்கு உடன்பட்டார். இந்திராவின் பதில் ஒரே வாரத்தில் வந்தது. மொரார்ஜியிடமிருந்து நிதித்துறையைப் பறித்து, ஜூலை 19-ல் 14 வங்கிகளை அவசரச் சட்டத்தால் அரசுடைமையாக்கினார். காமராஜர் கொள்கை அளவில் இதற்கு எதிரியல்ல. ஆனால் அரசியல் ஆட்டத்தில் அவரும் அவர் நண்பர்களும் பணக்காரர் பக்கம் நிற்பவர்களாகக் காட்டப்பட்டார்கள். அவசரத்தில் எழுதிய சட்டம், 1970 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. சில நாளில் திருத்தி மறுபடி கொண்டு வந்தார்கள். 1969-ல் நாடு முழுக்க 8,200 சொச்சம் வங்கிக் கிளைகள், 1990 வாக்கில் 59,000-க்கு மேல். அப்படிப் பெருகிய கிளைகளில் ஒன்றில்தான் எனக்கு வேலை கிடைத்தது, என் பிள்ளைகள் படித்தது அந்தச் சம்பளத்தில். எனவே விவரம் போதாமல் எடுத்த துணிச்சலான முடிவு என்று அதை நான் குறை சொன்னால் என் வீட்டுக்காரியே சிரிப்பார்.

கட்சி அந்த ஆண்டு நவம்பரில் இரண்டாக உடைந்தது. காமராஜர் பழைய காங்கிரசில் நின்றார். 1971-ல் நாகர்கோவிலில் அவர் ஜெயித்தார், கட்சி தோற்றது. 1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தது. ஜெயப்பிரகாஷ் நாராயணன் முதல் மொரார்ஜி வரை உள்ளே போனார்கள். காமராஜரைக் கைது செய்யவில்லை. அவர் கொண்டு வந்த பிரதமர்தான் நாட்டை இப்படி ஆக்கியிருக்கிறார் என்ற வருத்தம் கடைசி மாதங்களில் அவரை வாட்டியது என்று உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதே ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாள், முதல்வர் பதவியை விட்டு இறங்கிச் சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நிறைந்த நாள், சென்னை வீட்டில் பகலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கிண்டியில் காந்தி மண்டபத்தின் அருகே எரியூட்டினார்கள். 1976-ல் பாரத ரத்னா கொடுத்தார்கள். ஒன்பதரை ஆண்டு முதல்வராக இருந்தவர் கடைசி வரை வாடகை வீட்டில்தான் இருந்தார். தி.நகர் திருமலைப் பிள்ளை சாலையில் இருக்கும் அந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். சென்னையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நம் குடியிருப்புக்காரர்கள், போத்தீஸ், சரவணா ஸ்டோர்ஸ் பக்கம் போகிற நாளில் ஒரு அரை மணி நேரம் அங்கேயும் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம்.